பவுடர் பூசாத படம்

போன மாதம், என்னோடு வேலை பார்த்த ஹஃபிஸ் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் அவன் மனைவி செய்த குவே பலகார டப்பா. இன்னொரு கையில் டவலில் சுற்றிய என் பழைய லென்ஸ். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவனுக்கு இரவலாகக் கொடுத்துவிட்டு வந்தது. "காக், எங்களுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்துட்டாங்க. இது உங்க சொத்து, வச்சிக்குங்க," என்று, அக்கா முறை வைத்து மலாயில் சொல்லி, இரண்டு கையாலும் நீட்டினான்.

அவன் போனதும் மகள் வாங்கித் தந்த புதுக் காமிராவில் அதை மாட்டிப் பார்த்தேன். துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்ந்த என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னடி இது, கிழவனுக்குக் குமரியைக் கட்டி வச்ச மாதிரி?" என்றார்.

"குமரிக்கு அவசரம், கிழவனுக்கு நிதானம். ரெண்டும் சேர்ந்தாத்தான் குடும்பம் ஓடும்," என்றேன். குவே டப்பா பாதி காலியாகிவிட்டதால் அவர் மேற்கொண்டு வாதாடவில்லை.

அந்த லென்ஸ் எப்படி என் கைக்கு வந்தது என்று ஹஃபிஸின் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்டார்களாம். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

நான் எடுத்த படம் எதையும் யாரும் வீட்டுச் சுவரில் மாட்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் மருத்துவப் படங்கள் எடுப்பது என் வேலை. புண், தழும்பு, கட்டி, தீக்காயம், தோல் நோய். டாக்டர்கள் அனுப்புவார்கள், நான் எடுப்பேன். எஸ்பிஎம் பரீட்சை முடித்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஸ்டுடியோவில் கொஞ்சகாலம் கல்யாண ஆல்பம் ஒட்டி, சமயத்தில் படமும் எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு அரசாங்க வேலைக்கு மனுப் போட்டேன், கிடைத்தது. ஓய்வு வரைக்கும் அதே அறை, அதே கறுப்புத் துணித் திரை.

இந்த வேலையில் இயந்திரத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நம் சனங்களிடம் 'போட்டோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சீப்பைத் தேடுவார்கள். காலில் ஆறாத புண்ணோடு ஓர் அங்கிள் வருவார். சட்டைக் காலரைச் சரிசெய்து, மீசையைத் தடவி, நெஞ்சை நிமிர்த்தி உட்காருவார். "அங்கிள், எனக்குக் கால்தான் வேணும்," என்றால், "இருக்கட்டும்மா, முகமும் விழுந்தா நல்லாருக்கும்ல," என்பார். பெண்கள் பட்டுச்சேலையிலேயே வந்திருக்கிறார்கள். முதுகுத் தழும்பைப் படம் எடுக்கப் பூ வைத்துக்கொண்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ண முடியாது. ஸ்டுடியோப் பழக்கம் நம் ரத்தத்திலேயே ஊறிப்போயிருக்கிறது. படம் என்றால் பவுடர்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் பிரிவுத் தலைவர் செல்வரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். பிறந்தது இங்கேதான், ஆனாலும் வீட்டில் பேசிய யாழ்ப்பாணப் பேச்சை ஆபீசுக்கும் கொண்டுவருவார். குரலை உயர்த்திப் பார்த்ததே இல்லை. அவர் கோபத்தை அறிய வேண்டுமானால் அவருடைய வெள்ளைச் சட்டைப் பையைப் பார்க்க வேண்டும். பேனாவை எடுத்து, துடைத்து, மறுபடி செருகினார் என்றால் யாரோ தப்புச் செய்திருக்கிறார்கள்.

முதல் நாள் நான் காமிராவை வாங்கி, ஸ்டுடியோப் பழக்கத்தில் லென்ஸ் வளையத்தைத் திருப்பித் தெளிவு பார்த்தேன். அவர் பேனாவைத் துடைத்தார்.

"வளையத்தைத் தொடாதையும் பிள்ளை. அது அசையக்கூடாது. நீர்தான் அசையவேணும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் லென்சைக் காட்டினார். தூரத்தைக் குறிக்கும் எண்களின் பக்கத்தில் சிறிதாக இன்னொரு வரிசை எண்கள் இருந்தன. பொருளின் உண்மையான அளவில் எத்தனையில் ஒரு பங்காகப் படம் விழும் என்பதை அவை சொல்லும். வாய்ப் பக்கம் என்றால் நாலில் ஒரு பங்கு, முழு முகம் என்றால் பத்தில் ஒரு பங்கு. அந்தக் குறியில் வளையத்தை வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவார். அதன் பிறகு தெளிவு வேண்டுமானால் உடம்பை முன்னும் பின்னுமாகச் சாய்க்க வேண்டும். சாய்ந்துகொண்டே வரும்போது ஓரிடத்தில் தோலின் ரேகை பளிச்சென்று எழும். மூச்சை விட்டு, அந்த இடத்தில் அழுத்த வேண்டும்.

"இண்டைக்கு எடுத்த படமும் ஆறு மாதம் கழிச்சு எடுக்கிற படமும் ஒரே அளவாய் இருக்கவேணும். அளவு மாறினால் ஆறின புண்ணும் வளர்ந்த மாதிரித் தெரியும். வருத்தக்காரன் பயந்துபோவான்."

யாழ்ப்பாணத்தில் 'வருத்தக்காரன்' என்றால் நோயாளி. எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போய்விட்டது.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். முகத்தில் பவுடர், திருநீறு, மஞ்சள் எது இருந்தாலும் கழுவிவிட்டுத்தான் படம். ஆனால் துடைங்கள் என்று நேராகச் சொல்லமாட்டார். மூலையிலிருந்த பேசினில் புதுச் சோப்பும் துவைத்து மடித்த டவலும் எடுத்து வைப்பார். வைத்துவிட்டு, நோயாளிக்கு முதுகைக் காட்டிச் சுவரில் தொங்கிய தீயணைப்புச் சிலிண்டரில் எழுதியிருப்பதைப் படிக்க ஆரம்பிப்பார். தினமும் அதே சிலிண்டர், தினமும் அதே வாசகம். தண்ணீர்ச் சத்தம் நின்று, நாற்காலி சத்தம் கேட்டு, நோயாளி தானாக ஒரு வார்த்தை பேசும்வரை திரும்பமாட்டார். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. வெளியே வரிசை நின்றாலும் சரி. ஒருமுறை நான் பொறுமையில்லாமல், "ஐயா, நேரமாகுது," என்றேன். "அந்த மனுசிக்கு இன்னும் ஆகேல்லைப் பிள்ளை," என்றார்.

அவர் ஓய்வு பெற்று, பிலிம் போய் டிஜிட்டல் வந்தும் அந்த லென்ஸ் எங்களோடு இருந்தது. வேறு காமிராவில் மாட்டினோம், டேப்பை மட்டும் புதிதாக ஒட்டினோம்.

இனிப் பிரேமாவின் கதை.

பிரேமா காப்பாரில் ஒரு தாடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், டீச்சர். முப்பதைத் தாண்டியவள், கலகலப்பான பெண். வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் வெண்படை வந்திருந்தது. ஒட்டாத நோய். உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் நம் ஊர் வாய்க்கு அது போதுமா? என்னென்ன பெயர் வைத்து அழைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவளை அதிகம் வருத்தியது பெரியவர்களின் பேச்சல்ல. வகுப்புப் பிள்ளைகள், "டீச்சர், பால் குடிச்சிட்டு வாய் துடைக்கலையா?" என்று தினமும் கேட்டதுதான். அதன் பிறகு பவுடர் இல்லாமல் அவள் வெளியே வந்ததில்லை.

முதல் தடவை நானேதான் அவளைப் படம் எடுத்தேன். சோப்பு, டவல், சிலிண்டர். கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பழைய லென்ஸ், நாலில் ஒரு பங்கு, டேப். அதன் பிறகு டாக்டர் லிம் அவளுக்கு ஒளிச் சிகிச்சை ஆரம்பித்தார். வாரத்தில் சில நாள் மோட்டார் சைக்கிளில் காப்பாரிலிருந்து வந்து, விளக்குகள் நிறைந்த ஒரு பெட்டிக்குள் கண்ணாடி அணிந்து நின்றுவிட்டுப் போவாள்.

இடையில் இரண்டு காரியம் நடந்தது. எனக்கு மூட்டு அறுவை சிகிச்சை, நீண்ட விடுப்பு. நான் இல்லாதபோது பழைய காமிரா செத்துப்போனது. அரசாங்கச் சாமானில் நம்பர் ஒட்டியது ஒன்று செத்தால், அதோடு பதிவானதெல்லாம் உடன்கட்டை ஏற வேண்டும். நல்ல உயிரோடு இருந்த லென்சும் காமிராவோடு கழிவுக் கிடங்குக்குப் போய்விட்டது. பதிலுக்குப் புத்தம் புதுக் காமிரா வந்தது. கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும், முகத்தைத் தானே வெளிச்சமாக்கும், அளவையும் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கும். ஹஃபிஸ் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் அந்தக் காமிராவோடு வந்த லென்சில் பூட்ட வேண்டிய குறியே கிடையாது. பாவம், அவன் என்ன செய்வான்? பிரேமாவும் ஆண்பிள்ளை முன்னால் முகம் கழுவக் கூச்சப்பட்டு, பவுடரோடுதான் உட்கார்ந்தாள். கொஞ்சம் லிப்ஸ்டிக் வேறு.

நான் நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பிய வாரம் டாக்டர் லிம் எங்கள் அறைக்கு வந்தார். முதல் படத்தையும் பிறகு எடுத்தவற்றையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பார்த்தால், பவுடரின் வெள்ளையும் சேர்ந்து, திட்டு பெரிதாகிக்கொண்டே வந்திருந்தது.

"விஜயா, என் கண்ணுக்கு இந்த அளவு மோசமாகத் தெரியலை. ஆனா பவுடர் வழியா என்னால எதையும் உறுதியாச் சொல்ல முடியலை," என்றார். "அந்தப் பொண்ணு படத்தைப் பார்த்துட்டு, போதும், நிறுத்திடுறேன்னு சொல்லிட்டா. தாடிகாவிலும் வகுப்பை விட்டுட்டு ஆபீஸ் ரூமுக்கு மாத்திக் கேட்டிருக்காளாம். பெட்டிக்கு வெளியே நிறைய பேர் காத்திருக்காங்க. முன்னேற்றம் இல்லேன்னா நானே அவளை நிறுத்தச் சொல்லணும். அடுத்த வாரம் கடைசியா வர்றா. முதல் படத்தோட ஒப்பிட எனக்கு ஒரே ஒரு சரியான படம் வேணும்."

பழைய லென்ஸ் கிடைக்குமா என்று கழிவுக் கிடங்கில் கேட்டேன். அது லோரி ஏறிப் போயாகிவிட்டது என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நல்ல வேளை, நான் திட்டியது யாருக்கும் புரியவில்லை, சுத்தத் தமிழில் திட்டியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு பெட்டாலிங் ஜெயாவில் பழைய சாமான் விற்கும் சந்தைக்குப் போனேன். கைக்கடிகாரம், பீங்கான் தட்டு, யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சீனக் கிழவரின் மேசையில் லென்சுகள் குவிந்து கிடந்தன. தேடிக் களைத்து, மேசைக்கு அடியிலிருந்த கூடையைக் கேட்டு வாங்கிக் கிளறினேன். அதே ரக லென்ஸ்! ஓரம் தேய்ந்திருந்தது, மூடி இல்லை, ஆனால் அளவு வரிசை அழியாமல் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தேன். நம் ஊர் ஈரத்துக்குப் பழைய கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். இதில் ஒரு தூசி மட்டும்தான்.

"ஆன்டி, அது மேனுவல் லா. ஆட்டோ இல்ல. நீங்களேதான் திருப்பணும்," என்றார் கிழவர்.

"நான் திருப்பவே போறதில்ல அங்கிள். அதுக்குத்தான் வாங்குறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, விலையை அவராகவே குறைத்துவிட்டார். நல்ல வவ்வால் மீன் ஒன்று வாங்குகிற காசுதான்.

அதற்குள் ஹஃபிஸ் பழைய லென்சைப் புதுக் காமிராவில் பொருத்தும் வளையத்தை ஆன்லைனில் வரவழைத்திருந்தான். மாட்டினோம். காமிரா, 'லென்ஸ் இல்லை' என்று அறிவித்துவிட்டுப் படம் எடுக்க மறுத்தது. மூக்குக்கு நேரே இரும்பும் கண்ணாடியுமாக ஒன்று நிற்க, அது இல்லவே இல்லை என்று சாதித்தது. ஹஃபிஸ் மெனுவுக்குள் போய், லென்ஸ் இல்லாவிட்டாலும் எடு என்று கட்டளை கொடுத்தான். இன்னொன்றும் செய்தான். எந்த இடம் தெளிவாக விழுகிறதோ அதன் விளிம்பைத் திரையில் சிவப்பாகக் காட்டும்படி வைத்தான். எனக்கு அப்போது கண் மங்க ஆரம்பித்திருந்த காலம். சாய்ந்தேன். சிவப்புக் கோடு ஹஃபிஸின் மீசை மேல் ஊர்ந்து போய், உதட்டில் வந்து நின்றது. இத்தனை வருடம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தேடியதை இது காட்டிக் கொடுத்துவிட்டதே என்று சந்தோஷத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

புதுக் காமிராவுக்குள் படம் விழும் சில்லின் அளவும் பழையதன் அளவேதான். என்றாலும் பள்ளிப்பிள்ளை ரூலர் ஒன்றை நாலில் ஒரு பங்கில் படம் எடுத்து, பழைய படங்களோடு வைத்துச் சரிபார்த்தோம். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. டேப்பை ஒட்டினேன்.

பிரேமா வந்தாள். எப்போதும் வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வருபவள், அன்று தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். முகம் முழுக்கப் பவுடர், வழக்கத்தைவிடக் கனமாக.

"அக்கா, சீக்கிரம் எடுத்துருங்க. நான் போகணும்."

நான் சோப்பையும் டவலையும் எடுத்து வைத்தேன்.

"முகம் கழுவ மாட்டேன் கா."

"ஏம்மா? நான் மட்டும்தான் இருக்கேன். ஹஃபிஸை வெளிய அனுப்பிட்டேன்."

"அதுக்கில்ல. வெளிய என் கிளாஸ் பிள்ளையோட அம்மா உக்காந்திருக்காங்க, மருந்து எடுக்க வந்திருக்காங்க போல. பவுடர் போனா திரும்ப ஒழுங்கா வராது கா, திட்டுத்திட்டா நிக்கும். அந்த அம்மா பார்த்தா நாளைக்குக் காப்பார் பூரா தெரிஞ்சிரும். எப்படியும் நிறுத்தத்தானே போறேன்? இப்படியே எடுங்க."

"இப்படியே எடுத்தா உன் பவுடரைத்தான்மா எடுக்க முடியும்."

அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று தெரிந்தது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், என்ன சொல்வது? சரியாகிவிடும் என்று சொல்ல நான் டாக்டரா? அந்தப் படத்தில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. உண்மையாகவே பரவியிருந்தால், இவளைக் கழுவவைத்து அதைக் காட்டிய பாவம் எனக்கு. திரும்பி நின்று சிலிண்டரைப் படிக்க ஆரம்பித்தேன். ஊசியை இழுக்கவும். குழாயை நெருப்பின் அடியில் காட்டவும். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அறுவை சிகிச்சை செய்த மூட்டு வலித்தது. வெளியே யாரோ கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து, "ம், எடுங்க," என்றாள்.

ஒரு சாண் தூரத்தில் ஒரு மனுஷியின் முகம். அவள் மூச்சு என் கையில் பட்டது. வளையத்தைத் தொடவில்லை. மெல்லச் சாய்ந்தேன். சிவப்புக் கோடு உதட்டோரம் வந்து, திட்டின் விளிம்பில் படிந்தது. அப்போதே திரையில் ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது, நம்பப் பயமாக இருந்தது. மூச்சை விட்டு அழுத்தினேன். நேராக ஒன்று, இடதில் ஒன்று, வலதில் ஒன்று.

டாக்டர் லிம் வந்து, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு படத்தையும் அருகருகே திறந்தார். உதடு அதே அளவு. மச்சம் அதே இடம். திட்டின் எல்லை ஒரு நூலளவும் நகரவில்லை. டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். வெள்ளைக்குள்ளே, ஒவ்வொரு மயிர்க்காலிலும் பழுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள், வெள்ளைப் பணியாரத்தில் எள் தூவினதுபோல்.

"இதைப் பார்," என்றார் டாக்டர். "இப்படித்தான் நிறம் திரும்ப ஆரம்பிக்கும். உள்ளேயிருந்து வருது. முதல் படத்துல ஒண்ணுகூட இல்ல, பார்த்தியா?"

பிரேமா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "இதெல்லாம் தானா வந்தது?" என்றாள். "நானே பார்க்கலையே டாக்டர்."

"தினமும் அது மேல பவுடர் போட்டா எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு டாக்டரே சிரித்தார். "சிகிச்சையைத் தொடரணும்னு நான் எழுதறேன். நீ வருவியா?"

"வரேன் டாக்டர். செவ்வாக்கிழமை வரேன்."

பின்னாளில் முகத்தில் முக்கால்வாசி நிறம் திரும்பியது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விரல் நுனிகள் வெள்ளையாகவே நின்றுவிட்டன. அதற்கு மருந்து அவ்வளவாகக் கேட்பதில்லை. வகுப்பில் பிள்ளைகள் கேட்டால், "டீச்சருக்குச் சாக்பீஸ் விரல்," என்று சொல்லிச் சிரிக்க அவளே கற்றுக்கொண்டாள்.

அன்று அவள் போனபிறகு அறையை ஒதுக்கும்போது பார்த்தேன், பேசின் மேல் அவளுடைய பவுடர் டப்பா இருந்தது. ஐயோ, வெறும் முகத்தோடு வெளியே போய்விட்டாளே என்று பதறி, வலிக்கிற காலோடு அதை எடுத்துக்கொண்டு வராந்தாவில் விரைந்தேன்.

மருந்து கொடுக்கும் இடத்தில் நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு வெளிச்சத்தில், அத்தனை பேர் நடுவில், கழுவிய முகத்தோடு. பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா அவள் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தார். யாரென்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் டப்பாவை நீட்டினேன். பிரேமா நிமிர்ந்து பார்த்தாள், வாங்கினாள், திறக்காமலே பைக்குள் போட்டாள்.

அந்த அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "நீங்க ஆபீசுக்கு மாறப் போறீங்கன்னு சொன்னாங்க, எம் பையன் வேற டீச்சர்னா அழுவான். அதான் கேக்குறேன், நாளைக்கு கிளாஸ் யாரு எடுக்கறாங்க டீச்சர்?"

"நான்தான்," என்றாள் பிரேமா.